டோரக்ஸ்: விண்மீனை விட்டு டோகமாக் பக்கம் வருகிறவர்களுக்கு

விண்மீன் பரிணாம நிரல்களோடு மல்லுக்கட்டிப் பழகியவர் அணுக்கரு இணைவுத் துறையின் கணிப்பு வேலைக்கு மாறும்போது முதலில் எதை இறக்கிப் பார்க்கலாம் என்று கேட்டால், யோசிக்காமல் டோரக்ஸ் என்பேன். கூகுள் டீப்மைண்ட் 2024-ல் திறந்த மூலமாக வெளியிட்ட டோகமாக் சிமுலேட்டர் இது; டோகமாக் என்றால் சூடான பிளாஸ்மாவைக் காந்தப்புலத்தால் வளையமாக அடைத்துவைக்கும் இணைவுக் கருவி. இலவசம், பைத்தானில் ஜாக்ஸ் என்ற எண்கணிப்பு நூலகத்தின் மேல் எழுதியது, லேப்டாப்பிலேயே ஓடும்.

பிளாஸ்மாவின் மையப் பகுதியை ஒரே பரிமாணத்தில் எடுத்துக்கொண்டு அயனி வெப்பம், எலக்ட்ரான் வெப்பம், துகள் அடர்த்தி, மின்னோட்டம் நான்கையும் சேர்த்துத் தீர்க்கிறது. மெசா என்ற விண்மீன் பரிணாம நிரலை ஓட்டியவருக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரிந்ததுதான். அங்கே விண்மீனை ஓடு ஓடாக வெட்டுவோம், இங்கே அந்த இடத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக அடுங்கிய காந்தப் பரப்புகள். அங்கே வெப்பநிலைச் சரிவு ஓர் எல்லையைத் தாண்டினால் வெப்பச்சலனம் தொடங்கும், இங்கேயும் அப்படி ஓர் எல்லை உண்டு, தாண்டியதும் கொந்தளிப்பு எகிறி வெப்பத்தை வெளியே தள்ளிவிடும். அங்கே வெப்பச்சலனத்தைக் கணிக்கக் கலப்பு நீளக் கோட்பாடு செய்த வேலையை இங்கே குவாலிகிஸ் என்ற கொந்தளிப்பு மாதிரியின் கணிப்புகளில் பயிற்சி பெற்ற நியூரல் நெட்வொர்க் செய்கிறது.

மீதிப் பாதியில்தான் பழைய பழக்கம் காலை வாரும். சூரிய மையத்தில் சுமார் 1.5 கோடி டிகிரி, அடர்த்தி எக்கச்சக்கம், அயனிக்கும் எலக்ட்ரானுக்கும் ஒரே வெப்பநிலை என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம். பிரான்சில் கட்டப்படும் பன்னாட்டு டோகமாக்கான இட்டர் குறிவைப்பது 15 கோடி டிகிரி, ஆனால் துகள் அடர்த்தி நாம் சுவாசிக்கும் காற்றில் இருப்பதைவிட லட்சம் மடங்குக்கு மேல் குறைவு, அதனால் இரண்டு வெப்பநிலையும் தனித்தனியாக ஓடும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது வகைக்கெழு சமாச்சாரம். ஜாக்ஸே அதை எடுத்துத் தருவதால் சமன்பாடுகளைத் தீர்க்கும் நியூட்டன் முறைக்கான ஜாக்கோபியனை (வகைக்கெழுக்களின் அணி) கையால் எழுதிப் பிழை தேடும் தொல்லை இல்லை, உள்ளீட்டை லேசாக அசைத்தால் விடை எந்தப் பக்கம் நகரும் என்பதும் தெரியும். முதல் ஓட்டத்தில் கம்பைல் ஆகும் வரை காத்திருக்கத்தான் வேண்டும், அது ஜாக்ஸின் குணம்.

சரி, குறை? விளிம்பருகே வெப்பநிலை செங்குத்தாக ஏறும் பெடஸ்டலின் உயரத்தை வழக்கமாக நாமேதான் கொடுக்கிறோம், மைய வெப்பநிலையோ பெரும்பாலும் அதன் தோளில்தான் நிற்கிறது! வரைபடம் அழகாக வந்துவிட்டது என்று உடனே நம்பிவிடக் கூடாது. ஆவணங்களில் சமன்பாடுகள் தெளிவு, ஆனால் டோகமாக் பரிபாஷை தெரியும் என்று வைத்துக்கொண்டே எழுதியிருக்கிறார்கள். முறுக்கிய காந்தச் சுருள்கள் கொண்ட வேறு வகை இணைவுக் கருவியான ஸ்டெல்லரேட்டருக்கு உதவாது. முப்பரிமாணக் காந்தப் பாய்மவியல் செய்து வந்தவருக்குப் போரடிக்கும், அவர்கள் பவுட் பிளஸ் பிளஸ் என்ற முப்பரிமாணப் பிளாஸ்மா நிரல் பக்கம் போகலாம்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். நிறுவியதும் கூடவே வரும் இட்டர் ஹைபிரிட் (இட்டரின் ஓர் இயக்க முறை) உதாரணத்தை ஓட்டுங்கள், அப்புறம் பெடஸ்டல் வெப்பநிலையை மட்டும் கொஞ்சம் குறைத்துவிட்டு இணைவுத் திறன் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள்.