அக்னிவீரரா, இரண்டாம் நிலைக் காவலரா?

கோபி, ஈரோடு பக்கம் விடியுமுன் மைதானத்தைச் சுற்றி ஓடும் பையன்களில் பலர் ராணுவத்தின் அக்னிவீரர் வேலை, காவல்துறையின் இரண்டாம் நிலைக் காவலர் வேலை இரண்டுக்கும் சேர்த்தே தயாராகிறார்கள். காவலர் தேர்வில் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் முடித்தால் போதும். ராணுவத்தில் 1.6 கிலோமீட்டருக்கு முழு மதிப்பெண் வேண்டுமென்றால் ஐந்தரை நிமிடம்தான்.

அக்னிவீரர்களை எடுக்க மத்திய அரசு 2022இல் அறிவித்த அக்னிபத் திட்டத்தில் பணி நான்கே ஆண்டு. முதல் ஆண்டில் மாதம் 30,000 ரூபாய். கைக்கு வருவது 21,000. மீதி சேவா நிதி என்ற சேமிப்புக்குப் போகிறது, அரசும் அதே அளவு போடுகிறது. முடிவில் வட்டியோடு சுமார் 11.71 லட்சம், வருமான வரியின்றி. விசைத்தறி போட நினைக்கும் வீட்டுக்கு நல்ல முதல். ஆனால் ஓய்வூதியம் இல்லை. நிரந்தரமாவோர் அதிகபட்சம் 25 சதவீதம். மற்றவர்கள் இளவயதிலேயே மறுபடி வேலை தேட வேண்டும் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

காவலர் பணி 60 வயது வரை. தங்கை கல்யாணமும் கடனும் தலைமேல் இருப்பவன் அங்கேயே போகட்டும். குடும்பப் பாரமில்லாத, பட்டாளத்து ஆசை உள்ள பையனைத் தடுக்காதீர்கள்.