குடிலின் உட்சுவர்: மரப்பலகையா, பிளைவுட்டா, ஜிப்சம் போர்டா?

கூரை ஏறி, வெளிச்சுவர் மூடி, கதவும் ஜன்னலும் பொருத்திய அன்று குடில் முடிந்துவிட்டதாகவே தோன்றும். மழை உள்ளே வரவில்லை, காற்று அடங்கிவிட்டது, இனி உள்வேலைதானே என்று மனம் சொல்லும். நானும் அண்ணனும் சேர்ந்து கட்டிய குடிலில் எங்கள் உழைப்பில் பாதிக்கு மேல் அதற்குப் பிறகுதான் செலவானது. அதில் நாங்கள் அதிகம் வாதாடியதும், இன்று யாராவது கேட்டால் நான் அதிகம் பேசுவதும் ஒரே விஷயத்தைத்தான்: சுவராக நிற்கும் மரச்சட்டங்களின் உட்பக்கத்தை எதைக் கொண்டு மூடுவது?

போட்டியில் இருப்பவை மூன்று. ஒரு விளிம்பில் நீட்டிய நாக்கும் மறுவிளிம்பில் பள்ளமான காடியும் வைத்து ஒன்றோடொன்று கோக்கும் மரப்பலகை, பிளைவுட், இருபுறமும் காகிதம் ஒட்டிய ஜிப்சம் போர்டு. எங்கள் குடிலில் மூன்றுமே இருக்கின்றன. உட்கூரைக்குப் பலகை அடித்தோம். மூன்று சுவர்களுக்கு 12 மில்லிமீட்டர் பிளைவுட். கட்டில் இருக்கும் சுவருக்கு மட்டும் ஜிப்சம், ஏனென்றால் வழவழப்பான வெள்ளைச் சுவர் ஒன்றாவது வேண்டும் என்பது அண்ணனின் ஆசை. அந்த ஆசையால் ஒரே கூரையின் கீழ் மூன்றையும் பல ஆண்டுகளாகப் பார்த்துவரும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.

முதலில் அளவு. உள்ளளவு 12 அடிக்கு 10 அடி, சுவர் உயரம் 8 அடி. சுற்றளவு 44 அடி, சுவர்ப்பரப்பு 352 சதுர அடி. பிளைவுட்டும் ஜிப்சமும் பொதுவாக 8 அடிக்கு 4 அடித் தாளாக வருகின்றன. கதவு, ஜன்னல்களைக் கழிக்காமல் கணக்கிட்டால் சரியாக 11 தாள்கள். உள்ளளவு என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வெளியளவை 12 அடி என்று வைத்துக் கட்டினால் இருபக்கச் சட்டங்களின் கனமும் போக உள்ளே பதினொன்றரை அடிகூட மிஞ்சாது, சுவருக்குச் சுவர் தாளை அறுத்துக்கொண்டிருக்க வேண்டும். நிற்கும் சட்டங்களை மையத்திலிருந்து மையம் 16 அல்லது 24 அங்குலத்தில் வைத்தால், 4 அடித் தாளின் விளிம்பு சட்டத்தின் நடுவில் வந்து உட்காரும். மூலைகளில் உட்பக்கத் தாளை முடுக்கக் கூடுதலாக ஒரு சட்டம் வேண்டும். சட்டம் கட்டும்போதே அதை வைத்துவிடுங்கள். புதிதாகக் கட்டுகிறவர்கள் அடிக்கடி மறப்பது அதைத்தான், தாளைத் தூக்கிப் பிடித்த பிறகுதான் திருகாணிக்குப் பிடிமானம் இல்லை என்பது தெரியவரும்.

அதே 352 சதுர அடியை 4 அங்குல முகம் கொண்ட பலகையால் மூடினால் 1,056 அடி நீளப் பலகை தேவை. ஒவ்வொன்றையும் அளந்து, அறுத்து, காடிக்குள் தட்டி ஏற்றி, நாக்கின் மேல் சாய்வாக ஆணி அறைய வேண்டும். தாள் என்றால் இருவர் ஒரு வார இறுதியில் சுவர்களை மூடிவிடலாம். பலகைக்கு வாரக்கணக்கு ஆகும்.

ஆனாலும் பலகையை நான் நேசிக்கிறேன். மாலை வெளிச்சத்தில் அதன் ரேகைகள் தெரிவதும், கைபட்டால் குளிராமல் இருப்பதும் மற்ற இரண்டிலும் வராது. அதன் சிக்கல், மரம் ஓயாமல் அசைந்துகொண்டிருப்பதுதான். நீளவாக்கில் மரம் ஏறக்குறைய மாறுவதே இல்லை. அகலவாக்கில் காற்றின் ஈரத்தோடு சேர்ந்து விரியும், சுருங்கும். 100 மில்லிமீட்டர் அகலப் பலகையில் ஈரம் 8 சதவீதத்திலிருந்து 14 சதவீதத்துக்கு ஏறினால் அகலம் ஒன்றரை மில்லிமீட்டர் வரை கூடலாம். 8 அடிச் சுவரில் இப்படி 24 பலகைகளைக் கிடைமட்டமாக அடுக்கினால் மொத்த அசைவு ஓர் அங்குலத்தைத் தாண்டும். நாக்கும் காடியும் இருப்பது இந்த அசைவுக்கு இடம் கொடுக்கத்தான். ஆகவே இணைப்பில் பசை வைக்கக் கூடாது. நாக்கில் மட்டும் ஆணி, பலகையின் முகத்தில் வேண்டாம். தரையிலும் உட்கூரையிலும் அரை அங்குலம் இடைவெளி விட்டு ஓரப்பட்டையால் மறைத்துவிடலாம். பலகைகளைக் குடிலுக்குள்ளேயே இடையிடையே குச்சி வைத்து அடுக்கி, ஓரிரு வாரம் அந்தக் காற்றுக்குப் பழகவிட்ட பிறகே அடிக்க வேண்டும்.

யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லாத ஒன்றும் உண்டு. அடிப்பதற்கு முன்பே நாக்கின் மேலும் வார்னிஷையோ எண்ணெயையோ தடவிவிட வேண்டும். பொருத்திய பிறகு தடவினால், வறண்ட பருவத்தில் பலகை சுருங்கும்போது ஒவ்வோர் இணைப்பிலும் நிறம் படாத ஒரு வெளிறிய கோடு எட்டிப் பார்க்கும். எங்கள் உட்கூரையில் முதல் ஐந்து வரிசைகளில் அந்தக் கோடுகள் இன்றும் இருக்கின்றன. ஆளி விதை எண்ணெய் தடவுகிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயப்போடுங்கள், அல்லது நீர் நிறைந்த மூடிய தகரத்தில் போட்டுவிடுங்கள்.

உட்கூரையைப் பொறுத்தவரை எனக்குச் சந்தேகமே இல்லை, அங்கே பலகைதான். 12.5 மில்லிமீட்டர் ஜிப்சம் தாள் ஒன்று ஏறத்தாழ 25 கிலோ. அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி திருகாணி முடுக்குவது இருவருக்கே கடினம். பலகையை ஒற்றை ஆள் ஏணியில் நின்று, ஒரு முனையைக் காடியில் செருகிவிட்டு மறுமுனைக்கு நகரலாம். கூரை சரிவாக இருந்தால் இந்த வசதி இரட்டிப்பாகும்.

இனி ஜிப்சம். மரச்சட்ட வீடுகளில் அது கோலோச்சுவதற்குக் காரணங்கள் உண்டு. விலை குறைவு, கத்தியால் கீறி மடக்கினால் நேராக உடையும், பூச்சு முடிந்த பிறகு இணைப்பே தெரியாது. தீயின் முன் மற்ற இரண்டும் எரியும், ஜிப்சம் நிற்கும். அதன் எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு படிகத்துக்குள் பிணைந்த நீர். தீயின் வெப்பத்தில் அந்த நீர் ஆவியாகி முடியும்வரை பின்னால் இருக்கும் சட்டத்துக்கு வெப்பம் எளிதில் ஏறாது. சுவருக்குள் ஃபோம் வெப்பக்காப்பு வைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஃபோமை அரை அங்குல ஜிப்சத்துக்கு இணையான தடுப்பு இல்லாமல் அறைப்பக்கம் திறந்துவிடக் கூடாது, மெல்லிய பிளைவுட் அதற்குப் போதாது. நாங்கள் வைத்தது எரியாத கனிமப் பஞ்சு, அதனால் இந்தக் கட்டாயம் எங்களுக்கு இல்லை.

குடிலுக்கும் வீட்டுக்கும் வேறுபாடு இருக்கிறது. வீட்டில் நாள்தோறும் ஆள் இருக்கிறது, உள்வெப்பம் ஓரளவு ஒரே சீராக இருக்கும். குடில் வாரக்கணக்கில் பூட்டிக் கிடக்கும், பிறகு ஒரு மாலையில் அடுப்பு மூட்டியதும் சில மணி நேரத்தில் சூடேறும். நீங்களே கட்டிய சட்டத்தின் மரமும் முதல் இரண்டு ஆண்டுகள் உலர்ந்து சுருங்கிக்கொண்டே இருக்கும். ஜிப்சம் அசையாது, பின்னால் இருக்கும் மரம் அசையும். விளைவு, உட்கூரையும் சுவரும் சேரும் மூலையில் தலைமுடி போன்ற விரிசல், ஆங்காங்கே திருகாணித் தலைகள் பூச்சைத் தள்ளிக்கொண்டு வெளியே வருவது. அண்ணனின் வெள்ளைச் சுவரில் இரண்டும் நடந்தன.

பூச்சு வேலையும் லேசானதல்ல. இணைப்பின் மேல் காகிதப்பட்டை ஒட்டி, மூன்று முறை பட்டி பார்த்து, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரு நாள் காயவிட்டு, உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். 120 சதுர அடி அறையில் அந்தத் தூசுக்குப் போக இடமில்லை. பழகிய கை ஒரு வீச்சில் சமன் செய்வதை நாம் ஐந்து முறை தேய்ப்போம், அப்படியும் பக்கவாட்டில் விளக்கு வைத்தால் மேடு தெரியும்.

சுவருக்கு என் தீர்ப்பு பிளைவுட்; அதை முடிவு செய்தவை இரண்டு ஜன்னல்கள். ஒன்று ஜிப்சம் சுவரில், மற்றது பிளைவுட் சுவரில். இரண்டையும் ஒரே நாளில், ஒரே தவறோடு பொருத்தியிருந்தோம். ஜன்னலைச் சுற்றி ஒட்டும் நீர்த்தடுப்புப் பட்டையைக் கீழிருந்து மேலாக ஒட்ட வேண்டும். மேல்பட்டை கீழ்ப்பட்டையின் மீது ஏறினால்தான் ஓடு வேய்ந்ததுபோல் நீர் வெளியே வழியும். நாங்கள் கீழ்ப்பட்டையைக் கடைசியாக ஒட்டிவிட்டோம். இரண்டாம் ஆண்டு மழையில் இரண்டு ஜன்னல்களின் கீழும் நீர் இறங்கியது.

பிளைவுட் பக்கம், ஜன்னலுக்குக் கீழே இருந்த தாளின் திருகாணிகளைக் கழற்றினேன். அரை மணி நேரத்தில் தாள் சேதமில்லாமல் தரையில் இருந்தது. பஞ்சு நனைந்திருந்தது, அடிச்சட்டத்தில் கருமை படரத் தொடங்கியிருந்தது. தவறைச் சரிசெய்து, இரண்டு வாரம் திறந்தே போட்டு உலரவிட்டு, புதுப் பஞ்சு வைத்து, அதே தாளை அதே துளைகளில் மீண்டும் முடுக்கினேன். ஜிப்சம் பக்கம் கதை வேறு. வெளிப்புறம் ஒட்டிய காகிதம்தான் பூஞ்சணத்துக்கு உணவு. உட்பக்கம் முழுக்கப் பச்சையும் கருப்புமாகப் பூத்திருந்தது, அறைப்பக்கம் ஒரு மங்கலான கறை மட்டும். அறுத்தெடுத்து, புதுத் துண்டு வைத்து, மறுபடி மூன்று முறை பட்டி, மறுபடி வண்ணம். அந்த ஒட்டு இன்றும் தெரிகிறது. “சுவரைப் பார்க்கும்போதெல்லாம் கண் அங்கேதான்டா போகிறது” என்கிறார் அண்ணன்.

தொழில்முறையாகக் கட்டாதவர்களின் சுவருக்குள் எங்கோ ஒரு தவறு இருக்கத்தான் செய்யும், அது நீராகவோ மின்கம்பியாகவோ பின்னால் வெளிப்படும். ஆகவே சுவர் அழகாக மூடிக்கொள்வதைவிட, திருப்புளி ஒன்றால் சேதமில்லாமல் திறக்கக்கூடியதாக இருப்பதையே நான் பெரிதாக மதிக்கிறேன். பலகை இதில் நடுவில் நிற்கிறது. அதைக் கழற்றலாம், ஆனால் மேல்வரிசையிலிருந்து வரிசையாகக் கழற்றிக்கொண்டே கீழே வர வேண்டும், நாக்குகள் சில உடையும்.

பிளைவுட்டிலும் இந்த நன்மை தானாக வராது. பசை தடவி ஒட்டினாலோ ஆணி அறைந்தாலோ அது போய்விடும். திருகாணி மட்டும் போதும், அவற்றின் தலையைப் பட்டி வைத்து மறைக்காதீர்கள். தாள்களுக்கு இடையே 3 மில்லிமீட்டர் விட்டு, மேலே மெல்லிய ரீப்பர் பட்டையைத் திருகாணியால் முடுக்கினால் இணைப்பும் மறையும், சுவருக்கு ஓர் ஒழுங்கும் வரும். 12 மில்லிமீட்டர் என்றால் அலமாரி, விளக்கு, கொக்கி எதையும் சட்டத்தைத் தேடாமல் சுவரில் எங்கு வேண்டுமானாலும் மாட்டலாம். இடம் குறைந்த குடிலில் எல்லாப் பொருளும் சுவரில்தான் தொங்கும் என்பதால் இது சாதாரண வசதி இல்லை. தவிர, பிளைவுட்டின் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டப்பட்டவை. அதனால் அது பலகைபோல விரிந்து சுருங்காது, சட்டம் பக்கவாட்டில் சாய்வதையும் தடுக்கும்.

பிளைவுட்டின் குறை அதன் பசை. மலிவான தாள்களின் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு மெல்ல வெளியேறும், கண்ணையும் தொண்டையையும் உறுத்தும். அறை சிறியதாக இருந்தால் காற்றின் அளவு குறைவு, அதற்கு ஈடாகச் சுவர்ப்பரப்பு அதிகம். எங்கள் குடிலின் மொத்தக் காற்றே 960 கன அடிதான். ஆகவே குறைந்த உமிழ்வைக் குறிக்கும் ஈ1 அல்லது அதைவிட மேலான தரக்குறி உள்ள தாளையே வாங்குங்கள். நான் மிச்சம் பிடிக்கவே கூடாது என்று சொல்லும் இடம் அது. அறுத்த விளிம்புகளுக்கும் வார்னிஷ் பூசிவிடுங்கள், ஈரம் நுழைவது அங்கேதான்.

ஈரம் எந்தச் சுவரையும் விடாது. சமையல் வாயுவில் உள்ள புரொப்பேன் ஒரு கிலோ எரிந்தால் சுமார் 1.6 கிலோ நீராவி உருவாகிறது. புகைபோக்கி இல்லாத சிறு அடுப்பை மூடிய குடிலில் எரித்தால் அவ்வளவும் உள்ளேயே தங்கும், அதோடு கார்பன் மோனாக்ஸைடு அபாயமும் சேரும். குளிர்ப்பிரதேசமானால் ஈரத்தடைத் தாளை வெப்பக்காப்பின் உட்பக்கத்தில், உட்சுவருக்குப் பின்னால் வைப்பார்கள். வெப்பமும் ஈரமும் மிகுந்த ஊரில், அறையைக் குளிரூட்டும்போது ஈரம் வெளியிலிருந்து உள்ளே வரும் என்பதால் அதே தாளை உட்பக்கம் வைத்தால் சுவருக்குள் நீர் தேங்கும்.

விறகடுப்பு வைக்கிறவர்களுக்கு மூன்றுமே நேரடியாகப் பொருந்தாது. அடுப்பைத் தயாரித்தவர் சொல்லும் இடைவெளி முதன்மையானது. அப்படி எதுவும் குறிப்பிடாத அடுப்புக்கும் எரியக்கூடிய சுவருக்கும் இடையே மூன்றடியாவது விடுவது வழக்கம். அடுப்புக்குப் பின்னால் நாங்கள் சிமென்ட் ஃபைபர் போர்டை, சுவரிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி, மேலும் கீழும் காற்று ஓடும்படி நிறுத்தினோம். அதை மின்ரம்பத்தால் அறுத்தால் பறக்கும் சிலிக்காத் தூசு நுரையீரலைக் கெடுக்கும். கீறி உடைப்பதே நல்லது.

ஆண்டு முழுவதும் தங்கப்போகிறவர், பூச்சு வேலையில் கை தேர்ந்தவர், ஃபோம் வைத்தவர் ஆகியோர் ஜிப்சத்தையே எடுக்கலாம். நேரம் தாராளமாக இருப்பவர் நான்கு சுவருக்கும் பலகை அடிக்கட்டும், அதன் அழகு அந்த உழைப்புக்குத் தகும். எதைத் தேர்ந்தாலும், மூடுவதற்கு முந்தைய நாள் ஒவ்வொரு சுவரின் குறுக்கேயும் அளவுநாடாவை நீட்டிப் பிடித்து, கம்பியும் குழாயும் சட்டமும் தெரியும்படி படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் படங்கள் பிளைவுட் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் ஓர் உறையில் ஒட்டப்பட்டிருக்கின்றன. எந்தத் தாள் என்று கதவுச்சட்டத்தின் மேல் பென்சிலால் எழுதியிருக்கிறார் அண்ணன்.