பிளாட்பாரத்துல வீல் இடிச்சு ரெண்டரை வருஷம் ஆச்சு, என்னென்ன பார்த்தேன், எதைக் கோட்டை விட்டேன்

இடிச்சப்போ என் கார் 26,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது, இப்ப 58,000 தாண்டிடுச்சு, அதனால கொஞ்சம் தெம்பாவே எழுதலாம்.

கோயம்புத்தூர்ல ராத்திரி பத்து மணிக்கு சந்துலேர்ந்து ஒரு பைக் திடீர்னு உள்ள வந்தான், லெஃப்ட்ல ஒடிச்சேன், நாப்பது ஸ்பீடுதான் இருக்கும், டமார்னு பிளாட்பாரத்து மேல ஏறி இறங்கிடுச்சு. போன் டார்ச் அடிச்சுப் பார்த்தா முன்னாடி இடது வீலோட அலாய் ரிம்ல நாலு விரல் அகலத்துக்குக் கீறல், காத்து அப்படியே இருக்கு. சரி அழகுக்குத்தான் கேடுன்னு நினைச்சு வீட்டுக்கு ஓட்டிட்டு வந்துட்டேன்.

ரெண்டு நாள் கழிச்சு ஈரோடு போறேன், பெருந்துறை பக்கம் 80 தொட்டதும் ஸ்டியரிங் கையில உதறுது, நூறைத் தாண்டினா அடங்கிடுது. நேர் ரோட்டுல போனாலும் ஸ்டியரிங் லேசா ஒரு பக்கம் சாஞ்சே நிக்குது. திரும்பி வந்ததும் நேரா டயர் கடைக்குத்தான் போனேன்.

கடை அண்ணன் கீறலைத் திரும்பிக்கூடப் பார்க்கல. ஸ்டியரிங்கை ஃபுல்லா ஒடிக்கச் சொல்லி டயரோட உள்பக்கம் கையை விட்டுத் தடவிட்டு, "இங்க தொட்டுப் பாருங்க சார்"ன்னார். பாதி எலுமிச்சம்பழம் சைஸுக்கு ஒரு வீக்கம். கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவுல டயர் நசுங்கும்போது சைடுவால், அதான் டயரோட பக்கச் சுவர், உள்ள இருக்கிற நூல் அறுந்துடுமாம், அப்புறம் அந்த இடத்துல காத்தை வெறும் ரப்பர்தான் தாங்கிட்டு நிக்குது. இதுக்கு ஒட்டு கிட்டு எதுவும் போட முடியாது, டயரைத் தூக்கித்தான் போடணும். இதோடதான் ஈரோடு வரைக்கும் நூறுல போய் வந்திருக்கேன், நினைச்சா இப்பவும் வயித்தைக் கலக்குது.

அப்புறம் ரிம்மை பேலன்சிங் மெஷின்ல மாட்டிச் சுத்தவிட்டார், வெளி விளிம்பு சுத்தமா சுத்துது, உள் விளிம்பு ஆடுது. நெளிஞ்சதைப் பெண்டு எடுக்கலாம், ஆனா விரிசல் இருந்தா வெல்டு வச்சு ஓட்டாதீங்க, புது ரிம்தான்னு சொல்லிட்டு நல்லா துடைச்சுப் பார்த்தார், நல்லவேளை விரிசல் இல்ல. ஜாக்கி போட்டு டயரை இடமும் வலமுமா பிடிச்சு ஆட்டினப்போ ஸ்டியரிங்கை வீலோட சேர்க்கிற டை ராட் எண்டுல லூசு தெரிஞ்சுது, மேலும் கீழுமா ஆட்டினா அசையல, அதனால வீலைத் தாங்குற பால் ஜாயின்ட், வீல் சுத்துறதுக்கான பேரிங் ரெண்டும் தப்பிச்சுது. ரிம்மைப் பெண்டு எடுத்து, டை ராட் எண்டு மாத்தி, வீலோட கோணத்தைச் சரி பண்ற அலைன்மென்ட்டும் பண்ணோம், முன்னாடி ரெண்டு டயரும் ஜோடியா புதுசு போட்டேன்.

இன்சூரன்ஸ் கிளெய்ம் பண்ணலையான்னு எல்லாரும் கேட்டாங்க. டயர் மட்டும் அடிபட்டா சாதாரண பாலிசியில வராது, வண்டிக்கும் சேர்த்து அடிபட்டிருந்தாதான் டயர் விலையில பாதி குடுப்பாங்க, அதுக்குப் போய் நோ கிளெய்ம் போனஸை, அதான் கிளெய்ம் பண்ணாம இருந்தா பிரீமியத்துல கிடைக்கிற தள்ளுபடியை, இழக்கணுமான்னு விட்டுட்டேன்.

இத்தோட முடிஞ்சுதுன்னு நினைச்சா, மூணு மாசம் கழிச்சு அதே வீல்ல பத்து நாளைக்கு ஒரு தடவை காத்து நாலஞ்சு பிஎஸ்ஐ இறங்குது. பஞ்சர் கடையில ஆணி தேடித் தேடி ஓஞ்சுட்டாங்க, கடைசியில ரிம்மும் டயரும் சேர்ற இடத்துல சோப்புத் தண்ணி ஊத்தினா பெண்டு எடுத்த இடத்துல மட்டும் பொடிப் பொடியா நுரை வருது. டயரைக் கழட்டி அந்த விளிம்பைத் தேச்சுச் சுத்தம் பண்ணி கசிவை அடைக்கிற பீட் சீலன்ட் பசையைத் தடவினாங்க, அதுக்கப்புறம் இறங்கல.

நான் கோட்டை விட்டது பின் வீலை. முன் வீல் ஏறின கல்லு மேலதானே அதுவும் ஏறியிருக்கும்! எனக்கும் தோணல, கடையிலயும் முன்னாடி மட்டும்தான் அலைன்மென்ட் ரீடிங் எடுத்தாங்க. ஏழாயிரம் கிலோமீட்டர் கழிச்சு பின்னாடிலேர்ந்து ஊஊன்னு ஒரு சத்தம், பேரிங்தான் போச்சுன்னு பயந்து போய்க் காட்டினா, இடது பின் டயர்ல உள் ஓரம் மட்டும் மொட்டையாகியிருக்கு, கையால ஒரு பக்கமா தடவினா வழுவழு, எதிர்ப்பக்கமா தடவினா ரம்பம் மாதிரி உறுத்துது. நாலு வீலுக்கும் ரீடிங் எடுத்தப்பதான் வீல் மாட்டுற ஸ்டப் ஆக்ஸில் துளியூண்டு வளைஞ்சிருக்குன்னு தெரிஞ்சுது. என் வண்டி மாதிரி ஹேட்ச்பேக்ல பின்னாடி அட்ஜஸ்ட் பண்ண வழியே கிடையாது, பார்ட்டை மாத்தி அந்த டயரையும் தூக்கிப் போட்டேன். அன்னைக்கே நாலு வீல் ரிப்போர்ட்டைப் பிரின்ட் எடுத்துக் குடுங்கன்னு கேட்டிருந்தா ஒரு டயர் காசு மிச்சம்.

இப்ப உதறல் இல்ல, இழுப்பு இல்ல, நாலு டயரும் ஒரே மாதிரி தேயுது. மாசம் ஒரு தடவை காத்து பிடிக்கும்போது டார்ச் அடிச்சு உள்பக்கம் ஒரு பார்வை பார்த்துடுவேன், பங்க்ல இருக்கிற பையன் என்ன சார் தேடறீங்கன்னு சிரிப்பான். அந்த வெளிக் கீறல் மட்டும் இன்னும் அப்படியே இருக்கு, பெயின்ட் அடிக்க ஆயிரம் ரூபா கேட்டாங்க, வேண்டாம்னுட்டேன்.