பழைய கேமிங் கணினி: உள்ளே மாற்றுவதா, புதிதாகவே வாங்குவதா?

ரைசன் 5 1600 பிராசசர், பி450 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்4 ராம், ஜிடிஎக்ஸ் 1060 கிராபிக்ஸ் கார்டு. இன்னும் பல வீடுகளில் ஓடும் கணினி இது. முதலில் விளையாட்டின் ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். ஃபிரேம் (நொடிக்குத் திரையில் வரும் படங்களின் எண்ணிக்கை) ஏறவில்லையென்றால் வேகத்துக்குத் தடை பிராசசர். ஏறினால் கிராபிக்ஸ் கார்டு.

பிராசசர்தான் தடையென்றால் ரைசன் 5 5600 அதே சாக்கெட்டில் உட்காரும். பழைய பிராசசர் இருக்கும்போதே பயாஸை (மதர்போர்டில் இருக்கும் அடிப்படை மென்பொருள்) புதுப்பித்துவிடுங்கள். பிறகு செய்தால் திரையே வராது. பிராசசர் மேலிருக்கும் கூலரைக் கழற்றுமுன் கணினியைப் பத்து நிமிடம் ஓடவிட்டு அணைத்து, லேசாகத் திருகி எடுங்கள். இரண்டுக்கும் நடுவே வெப்பம் கடத்தத் தடவிய பேஸ்ட் காய்ந்த நிலையில் நேராக இழுத்தால் பிராசசரும் பிடுங்கிக்கொண்டு வந்து பின்கள் வளையும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்தது. விண்டோஸ் 11 ஆதரிக்கும் பிராசசர்களின் பட்டியலில் 1600 இல்லை, 5600 இருக்கிறது. இது ஒன்றே போதுமான காரணம்.

கார்டு வாங்கும்போது கவனம்: பி450-இல் கார்டு செருகும் பிசிஐஇ இணைப்பு பழைய 3.0தான். ஆர்டிஎக்ஸ் 4060-க்கு இழப்பு சிறிது. நான்கே லேன் (தரவு செல்லும் பாதை) உள்ள ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி நன்றாகவே அடிவாங்கும்.

ஏஎம்டியின் புதிய சாக்கெட்டான ஏஎம்5-க்குப் போனால் போர்டு, பிராசசர், டிடிஆர்5 மூன்றும் சேர்ந்தே செலவு. பழைய ராம் பொருந்தாது. கேபினெட்டும் எஸ்எஸ்டியும் மிஞ்சும். முதல்முறை ஆன் செய்ததும் மெமரி டிரெய்னிங்குக்காக (போர்டு ராமைச் சோதித்துத் தன்னோடு பொருத்திக்கொள்வது) திரை சில நிமிடம் கறுப்பாகவே இருக்கும். பயந்து அணைத்துவிடாதீர்கள்.

போர்டு நன்றாக இருந்தால், அதிலேயே பிராசசரை மாற்றும் முதல் வழியே என் தேர்வு. இன்டெல் ஏழாம் தலைமுறை என்றால் அந்த வழி கிடையாது. எட்டாம் தலைமுறை பிராசசர் அந்தப் போர்டுகளில் ஓடாது.