18 வருட மினி டிராஃப்டரும் ஷீட்டின் வலது ஓரமும்

போன வாரம் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் 60 ரூபாய் கொடுத்து, பொறியியல் படம் வரையும் கருவியான என் மினி டிராஃப்டரைச் சரிசெய்து வாங்கினேன். பையோடு பஸ் ஏறி உட்காரவும் அக்கா மகன் போன் செய்யவும் சரியாக இருந்தது. "மாமா, முதல் வருடத்துக்கு டிராஃப்டர் வாங்கச் சொல்லியிருக்கிறார்கள். வாங்கலாமா, உங்களுடையதே போதுமா?" அப்போதே பதில் சொல்லியிருந்தால், பழுது நீங்கிய மகிழ்ச்சியில் வானளாவப் புகழ்ந்திருப்பேன். அதனால் இரண்டு நாள் ஆறப்போட்டுவிட்டு எழுதுகிறேன்.

2007இல் டிப்ளமோ சேர்ந்தபோது 380 ரூபாய்க்கு வாங்கியது. இன்று சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளுக்கு இயந்திரப் பாகம் செய்யும் பட்டறை வைத்திருக்கிறேன். கணினியில் வரைய ஒரு பையன் இருக்கிறான். ஆனாலும் உடைந்த ஷாஃப்டை மேஜைமேல் வைத்துக்கொண்டு லேத்காரருக்கு உடனே ஒரு படம் வேண்டுமென்றால் என் கை இதைத்தான் தேடுகிறது. ஆக, இது 18 வருடம் குடும்பம் நடத்தியவனின் புலம்பல். அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பலகையின் இடது மேல் மூலையில் கிளாம்ப், அதிலிருந்து மடங்கி நீளும் இரண்டு ஜோடிக் கம்பிகள், நுனியில் கோணமானியோடு ஒரு குமிழ், குமிழில் செங்கோணமாகப் பொருத்திய இரண்டு ஸ்கேல்கள். அவ்வளவுதான் மினி டிராஃப்டர். டி-ஸ்கொயர் (கிடைக்கோடு போட உதவும் டி வடிவச் சட்டம்), இரண்டு செட் ஸ்கொயர் (முக்கோண மட்டம்), கோணமானி, அளவுகோல் என்று ஐந்து உருப்படி செய்யும் வேலையை இது ஒன்றே செய்துவிடும். மந்திரம் ஒன்றுமில்லை. கடை வாசலில் இழுத்து மூடும் மடக்குக் கதவை எவ்வளவு நீட்டினாலும் நிற்கிற கம்பி நின்றபடியே நகர்கிறதல்லவா, அதே இணைகரம்தான். குமிழைப் பலகையில் எங்கே கொண்டுபோனாலும் ஸ்கேல் சாயாது.

சாயக் கூடாது என்று சொல்லியிருக்க வேண்டும். என்னுடையது சாயும், அதுவும் ஷீட்டின் வலது ஓரத்தில் மட்டும்.

ஏ2 ஷீட் 594 மி.மீ. அகலம். இடது பக்கம் கோடு மயிரிழை பிசகாமல் விழும். நடுவிலும் குறை சொல்ல முடியாது. கம்பிகள் முழுதாக நீண்டு வலது ஓரத்தை எட்டும்போது ஒரு மில்லிமீட்டர் இறங்கிவிடும். 600க்கு 1 என்றால் பத்தில் ஒரு பாகைதான், கண்ணுக்குத் தெரியாது. ஆனால் நாம் பழகும் முதல் கோண முறையில் (ஒரு பொருளின் தோற்றங்களைத் தாளில் அடுக்கும் ஒரு வழக்கம்) இடப்பக்கத் தோற்றத்தை எங்கே வரைகிறோம்? முகப்புத் தோற்றத்துக்கு வலது பக்கத்தில். முகப்பிலிருந்து கிடைக்கோடு இழுத்து உயரத்தை அங்கே கடத்த வேண்டும். உயரம் போய்ச் சேரும்போது ஒரு மில்லிமீட்டர் களவு போயிருக்கும். முதல் வருடம் முழுக்க என் பக்கத் தோற்றங்கள் எல்லாம் சற்றுக் குனிந்தே நின்றன. ஆசிரியர் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு "கவனமின்மை" என்று எழுதுவார். நானும் என்னைத்தான் சந்தேகித்தேன், கருவியை அல்ல. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

டி-ஸ்கொயர் அப்படி ஏமாற்றாது. தலை ஆடினால் ஆடுவது கைக்கே தெரியும். செட் ஸ்கொயர் சரியா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும்: ஒரு கோட்டின் மேல் வைத்துச் செங்குத்து வரையுங்கள், அப்படியே திருப்பிப் போட்டு அதே புள்ளியில் இன்னொன்று வரையுங்கள். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் நல்லது. விலகினால், விலகலில் பாதிதான் உண்மையான பிழை. மினி டிராஃப்டரையும் இப்படிப் பரிசோதிக்கலாம். இடது ஓரத்தில் ஒரு கிடைக்கோடு போட்டு, அதன் மேலேயே ஸ்கேலை வைத்தபடி வலது ஓரம்வரை நகர்த்திக்கொண்டே நீட்டிப் பாருங்கள். முதல் வருடத்தில் இதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

நியாயமாகப் பேச வேண்டுமென்றால், முழுக் குற்றமும் கருவியுடையது அல்ல. வாங்கிய மூன்றாம் மாதமே இதை ஏற்காட்டுக்கு எடுத்துப் போனேன். சித்தப்பா வேலை பார்த்த காப்பித் தோட்டத்தில் பழத் தோல் உரிக்கும் இயந்திரத்தின் பாகம் ஒன்றை அளந்து வரைந்து தருவதாக வாய் விட்டிருந்தேன். மேலே போனால் மூடுபனி. ஷீட் ஈரம் குடித்து அப்பளம் போலத் தொய்ந்துவிட்டது. கடினமான 2எச் பென்சில் அதில் கோடு போடவில்லை, ஏர் உழுதது. அழித்தாலும் பள்ளம் அழியவில்லை. மலையில் துணைக்கோடுகளுக்கும் அதைவிட மென்மையான எச் பென்சிலே போதும் என்று அன்று கற்றேன். திரும்பும் பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றில், பின் இருக்கைப் பெரியவருடைய பலாப்பழம் உருண்டு வந்து என் பையின்மேல் உட்கார்ந்தது. கம்பியின் ஆட்டம் அன்று தொடங்கியதா, அதற்கு முன்பே இருந்ததா என்று இன்றுவரை முடிவு செய்ய முடியவில்லை. பலாப்பழத்தின் மேல் பழி போட மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

எதிர்பாராத சந்தோஷம் ஒன்றும் இருக்கிறது. அது கருவியில் இல்லை, அதோடு சேர்த்துப் படித்த விதிகளில். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் எஸ்.பி. 46 என்ற பொறியியல் வரைபட விதித் தொகுப்பில் எழுத்தின் உயரம் 2.5, 3.5, 5, 7, 10 மி.மீ. என்று வரும். கோட்டின் தடிமன் 0.25, 0.35, 0.5, 0.7 என்று போகும். ஏன் இந்த முரட்டு எண்கள், 3, 4, 5 என்று வைத்தால் என்ன என்று எரிச்சலாக இருக்கும். ஒவ்வொன்றும் முந்தையதைப் போல ஏறத்தாழ 1.41 மடங்கு, அதாவது இரண்டின் வர்க்கமூலம். தாளின் நீள அகல விகிதமும் அதுவே. பட்டறை தொடங்கிய பிறகு ஒருநாள் ஜெராக்ஸ் கடையில் ஏ2 படத்தை ஏ3 ஆகச் சுருக்கினேன். 5 மி.மீ. எழுத்து 3.5 ஆக வந்தது. 0.7 கோடு 0.5 ஆனது. சுருங்கிய படத்திலும் எல்லாம் தர அளவிலேயே நின்றன. கடைக்காரரிடம் இதை விளக்கிச் சொன்னேன். பிரதிக்கு எவ்வளவு என்று மட்டும் சொன்னார்.

பென்சில் விவகாரத்தில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. துணைக்கோட்டுக்கு 2எச், வெளிக்கோட்டுக்கு எச், எழுத்துக்கு எச்பி. மறைந்த விளிம்புக்கு விட்டு விட்டு வரும் கோடு, மையத்துக்கு நீளமும் குட்டையும் மாறி மாறி வரும் சங்கிலிக் கோடு. அளவெல்லாம் மி.மீ. என்பதால் எண்ணுக்குப் பின்னால் அலகு எழுத வேண்டாம். அம்புத்தலையின் நீளம் அகலத்தைப் போல மூன்று மடங்கு. இதை ஒரு வாரத்தில் பழகிவிடலாம்.

முதல் கோணமா மூன்றாம் கோணமா என்பது மட்டும் வேறு கதை. அதற்கு நான் காசு கொடுத்திருக்கிறேன். வெளிநாட்டிலிருந்து ஒரு வாடிக்கையாளருக்கு வந்த படத்தைப் பார்த்து 12 பிராக்கெட் செய்தோம். எந்த முறை என்று சொல்லும் குறியாக, படத்தின் மூலையில் நுனி வெட்டிய கூம்பும் இரண்டு வட்டங்களும் இருந்தன, நான் கவனிக்கவில்லை. கூம்பின் குறுகிய முனை வட்டங்களுக்கு முதுகு காட்டினால் முதல் கோணம். வட்டங்களையே பார்த்து நின்றால் மூன்றாம் கோணம், அமெரிக்க வழக்கம். அங்கே மேல்தோற்றம் மேலேயே இருக்கும், நம்முடையதில் கீழே. நான் பழக்கதோஷத்தில் நம் முறையில் படித்தேன். பன்னிரண்டும் கண்ணாடியில் பார்த்தது போல இடம் வலம் மாறி வந்தன. இரும்புக் கடையில் எடைக்குப் போட்டோம். இதில் டிராஃப்டருக்குப் பங்கில்லை என்பதையும் எழுதி வைக்கிறேன்.

இப்போது பழுதுபார்ப்பு. போன மாதம் ஆட்டம் இரண்டு மில்லிமீட்டரைத் தாண்டியது. கழற்றிப் பார்த்தால், நடு இணைப்பில் ரிவெட் போகும் துளை தேய்ந்து நீள்வட்டமாகியிருந்தது. முதல் பருவத்தில் பொதுமைய வட்ட முறையில் எத்தனை நீள்வட்டம் இதை வைத்து வரைந்தேன்! பதிலுக்கு அது தானாகவே ஒன்று வரைந்து வைத்திருக்கிறது. என் பட்டறையில் இருப்பதெல்லாம் பெரிய துரப்பணம், இந்தத் தகட்டைப் பிய்த்துவிடும். அதனால்தான் கொலுசுப் பட்டறை. அங்கிருந்த அண்ணன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது யார் காலுக்கு?" என்று கேட்டார். பிறகு துளையை வட்டமாகத் துருவி, பித்தளைக் குழாயில் நகக்கண் அளவு ஒரு துண்டு நறுக்கி உள்ளே செருகி, புது ரிவெட் வைத்துச் சின்னச் சுத்தியலால் தட்டினார். நான்கு தட்டு தட்டுவார், கம்பியை ஆட்டிப் பார்ப்பார், மறுபடி இரண்டு. இறுகவும் கூடாது, ஆடவும் கூடாது என்று நான் சொல்லவே இல்லை. கொலுசுத் திருகாணிக்கும் அதுதானே கணக்கு.

அன்றிரவு ஷீட் ஒட்டிச் சோதித்தேன். இடது ஓரத்தில் போட்ட கோடு வலது ஓரம்வரை அதே கோடாகப் போனது. 18 வருடத்தில் முதல் முறை. இன்னொரு கோடு போட்டேன், அதுவும் சரி. மனைவி வந்து என்ன வரைகிறீர்கள் என்று கேட்டாள். வெறும் கோடுதான் என்றேன்.

ஆகவே தம்பி, உனக்கு என் பதில்: வாங்காதே. ஒரு டி-ஸ்கொயரும் நல்ல செட் ஸ்கொயர் ஜோடியும் வாங்கு, பிழை எங்கே பிறக்கிறது என்று கண்ணால் பார்த்துப் பழகு. கல்லூரியில் டிராஃப்டர்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் புதிதாக ஒன்று வாங்கு. வாங்கும்போது கடையிலேயே கம்பியை முழுதாக நீட்டி ஆட்டிப் பார். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொள்.

என்னுடையதைக் கேட்டாய் அல்லவா? அதைத் தர முடியாது. பரணில் என் பழைய டி-ஸ்கொயர் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள். அக்காவிடம் நான் கஞ்சன் என்று சொல்லாதே.