லயத்துக்கு ஏது உறுதி? மலையக வங்கிகளில் என் அனுபவம்

இந்த முறை ஊருக்குப் போனபோது பாதி வேலை எனக்கு வங்கியில்தான் இருந்தது. தங்கச்சி தலவாக்கலைப் பக்கம் ஏழு பேர்ச்சஸ் காணியில் வீடு கட்டுகிறாள், அதற்கு நான் கனடாவிலிருந்து பணம் அனுப்ப வேண்டும். நோர்வூட் பக்கம் இருக்கும் அத்தைக்கோ கணக்கையே நிறுத்திவிட்டார்கள். தோட்டத்தில் சொந்தக்காரர்கள் உள்ள எல்லோருக்கும் இன்றைக்கோ நாளைக்கோ இது வரும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அத்தையின் கதையிலிருந்து தொடங்குகிறேன். ஆயுள் முழுக்கக் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். சேமலாப நிதியில் மிஞ்சியதும், குவைத்தில் வேலை செய்யும் மகள் அனுப்புவதும் ஒரே கணக்கில் இருக்கின்றன. விவரங்களைப் புதுப்பிக்கச் சொல்லி வங்கியிலிருந்து ஆங்கிலத்தில் குறுஞ்செய்தி வந்திருக்கிறது. அவருக்கு அது புரியவில்லை, யாரிடமும் காட்டவும் இல்லை. அப்புறம் ஒருநாள் அட்டை வேலை செய்யவில்லை.

நானும் கூடப் போனேன். முகவரிக்கு ஆதாரம் வேண்டும் என்றார்கள். மின்சாரப் பட்டியல் மாமாவின் பெயரில் இருக்கிறது, மாமா இறந்து பல வருடம். காணி உறுதி, அதாவது நிலப் பத்திரம், கொண்டு வரச் சொன்னார்கள். லயக் காம்பரா என்கிற தோட்டத்து வரிசை வீட்டுக்கு ஏது உறுதி? தோட்டத்தின் பெயர், டிவிஷன் பெயர், அவ்வளவுதான் அங்கே முகவரி. கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வரும், அங்கிருந்து யாராவது கையில் கொடுத்து அனுப்புவார்கள். படிவமோ வீட்டு இலக்கமும் வீதிப் பெயரும் கேட்கிறது. கவுண்டரில் இருந்த பிள்ளை தென் பகுதியிலிருந்து மாற்றலாகி வந்தவர். தமிழ் வராது, ஆனால் மரியாதைக் குறைவாக எதுவும் பேசவில்லை. "இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது?" என்று சிங்களத்தில் கேட்டதை நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் அத்தையின் முகம் மாறிப்போனது. "நான் என்னா தம்பி திருடியா? எம் மக அனுப்புற காசு அது" என்றார். வெளியே வந்த பிறகும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

கேள்வி கேட்டதே தவறு என்று நான் சொல்லமாட்டேன். பயங்கரவாதத்துக்கு நிதி போவதைத் தடுக்க 2005-இல் ஒரு சட்டம் வந்தது. குற்றத்தில் வந்த பணத்தைச் சுத்தமான பணம்போல் மாற்றும் பணம் தூயதாக்கலைத் தடுக்கும் சட்டமும், வங்கிகள் கொடுக்கல்வாங்கல்களை அறிக்கையிட வேண்டும் என்ற சட்டமும் 2006-இல் வந்தன. அந்த அறிக்கைகளைப் பார்ப்பது மத்திய வங்கியில் இயங்கும் நிதியியல் உளவறிதல் பிரிவு. இந்தத் தடுப்பில் குறையுள்ள நாடுகளை நிதி நடவடிக்கைச் செயலணி (FATF) என்ற சர்வதேச அமைப்பு சாம்பல் பட்டியலில் போடும்; 2017-இல் இலங்கையையும் போட்டார்கள், 2019 ஒக்டோபரில்தான் வெளியே வர முடிந்தது. அப்படி ஒரு பட்டியலில் நாடு இருந்தால் வெளிநாட்டு வங்கிகள் இங்கே வரும் ஒவ்வொரு டொலரையும் துருவிப் பார்க்கும். அந்தச் சுமை கடைசியில் குவைத்திலிருந்து அனுப்பும் மகள் தலையில்தான் விழும்.

ஒரு வங்கி ஊழியர் கேட்கும் கேள்விக்கு எவ்வளவு பலம் இருக்கிறது என்பதற்கு இலங்கையிலேயே உதாரணம் உண்டு. 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கி நியூயோர்க்கில் வைத்திருந்த கணக்கிலிருந்து ஹேக்கர்கள் பணத்தைத் திருடினார்கள். பிலிப்பைன்ஸுக்கு 8.1 கோடி டொலர் போய்ச் சேர்ந்தது, அதில் பெரும்பகுதி சூதாட்ட விடுதிகளுக்குள் மறைந்துவிட்டது. இலங்கையில் ஒரு அமைப்பின் கணக்குக்கு வந்தது 2 கோடி டொலர். இந்த நாட்டுக்கு இவ்வளவு பெரிய தொகையா என்று இங்குள்ள ஊழியர் ஒருவருக்குச் சந்தேகம் வந்து, இடையிலிருந்த வங்கியிடம் விசாரித்திருக்கிறார். பெறுபவரின் பெயரிலும் எழுத்துப் பிழை இருந்தது. பணம் திரும்பிப் போனது.

ஆகவே கேட்கட்டும், கட்டாயம் கேட்கட்டும். ஆனால் அத்தையிடம் அவருக்குப் புரியும் மொழியில், அவர் கையில் இருக்கக்கூடிய ஆவணத்தை வைத்துக் கேட்க வேண்டும். இதைத்தான் இந்தப் பயணத்தில் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொன்னேன்.

அது முடியாத காரியமும் இல்லை. வேறு ஊரில் உள்ள இன்னொரு கிளையில் தமிழ் பேசும் உத்தியோகத்தர் ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு அத்தையை அங்கே கூட்டிப் போனேன். அவர் அத்தையை உட்கார வைத்து, தேசிய அடையாள அட்டையைப் பார்த்தார். கிராம சேவகரிடம் வதிவிடச் சான்றிதழ் வாங்கிப் பிரதேச செயலகத்தில் கையொப்பம் வைத்துக் கொண்டு வந்தால் போதும் என்றார். மறுபடி போனபோது, "அம்மா, மகள் அங்கே என்ன வேலை செய்றாங்க? மாசாமாசம் அனுப்புவாங்களா? ஏறக்குறைய எவ்வளவு வரும்?" என்று பேச்சுவாக்கில் கேட்டுக்கொண்டே படிவத்தை நிரப்பினார். எதற்குக் கேட்கிறார் என்பதையும் சொன்னார்: வழக்கமாக வருவது இவ்வளவு என்று பதிந்திருந்தால்தான், திடீரென்று பெரிய தொகை வந்து யாராவது அத்தையின் கணக்கைத் தவறாகப் பயன்படுத்தும்போது கண்டுபிடிக்க முடியும். அத்தை சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். முதல் கிளையில் இருந்த அதே சட்டம்தான் இங்கேயும்.

ஆபத்து குறைந்த இடத்தில் நடைமுறையை எளிதாக்க வேண்டும் என்று நிதி நடவடிக்கைச் செயலணியே 2025 பெப்ரவரியில் தன் பரிந்துரையைத் திருத்தியிருக்கிறது. மாதாமாதம் மகள் அனுப்பும் பணத்தில் அரிசியும் மருந்தும் வாங்கும் ஒரு மூதாட்டியை விட ஆபத்து குறைந்த வாடிக்கையாளர் யார் இருக்கிறார்? மலையகத்துக் கிளைகள் ஒவ்வொன்றிலும் தமிழ் தெரிந்த ஒருவராவது கவுண்டரில் இருக்க வேண்டும். தோட்ட முகவரியை முகவரியாகவே படிவம் ஏற்க வேண்டும். தோட்டத்துக்கே வந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை விவரங்களைப் புதுப்பித்துக் கொடுத்தால் இன்னும் நல்லது.

வங்கி வாசலிலிருந்து திரும்பி வருகிறவர்கள், வங்கிக்கு வெளியே ஆள் மூலம் பணம் மாற்றும் உண்டியலுக்குத்தான் போகிறார்கள். டொரொன்டோவில் ஒருவரிடம் டொலரைக் கொடுத்தால் ஹட்டனில் இன்னொருவர் வீட்டுக்கே ரூபாயைக் கொண்டுவந்து தருவார். படிவமும் கேள்வியும் கிடையாது. ஆனால் அந்த டொலர் இலங்கைக்கு வருவதே இல்லை, வெளியிலேயே நின்று யாருக்கோ பயன்படுகிறது. இங்கே நம் கையில் வைக்கும் ரூபாய் போதைப்பொருள் விற்றவனுடையதாக இருக்கலாம். அவனுடைய நோட்டுக் கட்டு நம் வீட்டுச் செலவாகக் கரைந்துவிடும், அவனுக்கு வெளிநாட்டில் சுத்தமான டொலர் கிடைத்துவிடும். 2021-இன் கடைசியில் வங்கியில் டொலருக்கு 200 ரூபாய் அளவில் கிடைத்தபோது உண்டியலில் 240 வரை கொடுத்தார்கள். வெளிநாட்டில் உழைப்பவர்கள் வங்கி வழியாக அனுப்பும் பணம் 2020-இல் 710 கோடி டொலராக இருந்து 2022-இல் 379 கோடிக்கு இறங்கியது. எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நம் சனம் வரிசையில் நின்ற வருடம் அது. ரூபாயை மிதக்கவிட்ட பிறகு அந்த விலை வித்தியாசம் சுருங்கியது, 2024-இல் வரவு 650 கோடியைத் தாண்டியது. இப்போதும் உண்டியலுக்குப் போகிறவர்களிடம் காரணம் கேட்டேன். விலையைப் பற்றி யாரும் பேசவில்லை, வங்கியில் படும் பாட்டைத்தான் சொன்னார்கள்.

தங்கச்சியின் வீட்டுப் பணத்தில் பெரிய சிக்கல் இல்லை. என் சம்பளப் பத்திரத்தையும் கனடா வங்கிக் கூற்றையும் காட்டினேன், சரி என்றார்கள். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பத்து இலட்சத்துக்கு மேல் போனால் அரசாங்கம் பிடித்துக்கொள்ளும் என்று ஊரில் ஒரு பயம் பரவியிருக்கிறது. அதனால் வீடு கட்டும் மேசன் பாஸ், ஒன்பது ஒன்பது இலட்சமாக அனுப்பச் சொன்னார். பத்து இலட்சம் ரூபாயோ அதற்கு மேலோ காசாகவோ மின்னணு மாற்றமாகவோ போனால் வங்கி ஓர் அறிக்கை அனுப்புகிறது, அவ்வளவுதான். வரியும் இல்லை, பறிமுதலும் இல்லை. கனடாவிலும் 10,000 டொலருக்கு இப்படித்தான். துண்டு துண்டாக அனுப்பினால்தான் சந்தேகமே வரும். சந்தேகம் வந்தால் இரண்டு வேலை நாட்களுக்குள் வங்கி அறிவித்தாக வேண்டும், அப்படி அறிவித்ததை உங்களிடம் சொல்லவும் சட்டம் தடுக்கிறது. முழுத் தொகையையும் ஒரே தடவையாக, எதற்கு என்ற காரணத்தை எழுதி அனுப்புங்கள்.

என்னை அதிகம் வருத்தியது ஒரு பக்கத்து வீட்டுப் பையனின் கதை. கொழும்பில் கடை வேலை. கணக்கையும் அட்டையையும் இரகசிய இலக்கத்தையும் கொஞ்ச நாளைக்குக் கொடுத்தால் மாதம் ஒரு தொகை தருவதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள், கொடுத்துவிட்டான். அந்தக் கணக்கின் வழியாக இணையத்தில் ஏமாற்றப்பட்டவர்களின் பணம் ஓடியிருக்கிறது. இப்போது கணக்கு முடக்கம், பொலிஸ் விசாரணை, வேலையும் போய்விட்டது. அட்டையை வாங்கியவனின் தொலைபேசி அணைந்து கிடக்கிறது. பணம் தூயதாக்கல் குற்றம் நிரூபணமானால் ஐந்து முதல் இருபது வருடம் வரை சிறை கிடைக்கலாம் என்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. முதலில் ஒரு சட்டத்தரணியைப் பிடிக்கவும், அட்டை வாங்கியவனோடு பேசிய வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காமல் வைத்திருக்கவும் அவன் அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தேன். கணக்கை வாடகைக்குக் கேட்கிறவர்கள் இப்போது தோட்டத்துப் பையன்களைத்தான் தேடி வருகிறார்கள். இதை விளக்கித் தமிழில் ஒரு குரல் பதிவு செய்து எங்கள் தோட்டத்துக் குழுவில் போட்டிருக்கிறேன். நீங்களும் உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒன்று பேசி அனுப்புங்கள்.