ஜாடிக்குப் பூ வளர்க்க: சம்பங்கியா, ஜினியாவா, ரோஜாவா?

நம் வீடுகளில் பூச்செடி என்றாலே தலையில் சூடவும் சாமி படத்துக்குச் சாத்தவும் பறிக்கும் உதிரிப்பூதான் நினைவுக்கு வரும். மல்லிகையையோ அரளியையோ நாம் காம்பின் நீளம் பார்த்து நடுவதில்லை. கூடத்து மேசையில் நீர் நிறைந்த ஜாடியில் நிற்க வேண்டிய கொய்மலருக்கோ, இதழழகுக்கும் முன்னதாக, ஒரு முழமாவது நீண்ட தளராத தண்டு வேண்டும். சமவெளியில், பத்தடி நீளமும் நான்கடி அகலமும் உள்ள ஒரு பாத்தியை எந்தச் செடிக்குக் கொடுப்பது என்பதை அந்த அளவுகோலைக் கொண்டே இங்கு பார்க்கிறேன்.

ரோஜாவைத் தொடக்கத்திலேயே விலக்கிவிடுகிறேன். ஓசூர்ப் பகுதியிலிருந்து கடைகளுக்கு வரும் நீண்ட தண்டு ரோஜாக்கள், அங்குள்ள மிதமான தட்பவெப்பத்தில் பசுமைக்குடில்களுக்குள் வளர்ந்தவை. அதே செடியைச் சென்னையிலோ மதுரையிலோ திறந்த வெளியில் வைத்தால், கோடையில் தண்டு குட்டையாகி மொட்டும் சிறுத்துவிடுகிறது. இலைப்பேனுக்கும் கரும்புள்ளி நோய்க்கும் ஓயாமல் மருந்து தெளிக்க வேண்டியிருக்கிறது. செடியில் வைத்து ரசிக்க அது போதும், ஜாடிக்குப் போதாது.

உண்மையான போட்டி சம்பங்கிக்கும் ஜினியாவுக்கும் இடையில்தான். இரண்டும் மெக்சிகோவிலிருந்து வந்தவை, இரண்டும் நம் வெயிலைத் தாங்குபவை; ஆனால் நம்மிடம் கேட்கும் பொறுமையில் வெகுவாக வேறுபடுகின்றன. ஆனி, ஆடியில் 25 முதல் 30 கிராம் எடையுள்ள சம்பங்கிக் கிழங்கை நட்டால், முதல் பூந்தண்டைக் காண ஏறத்தாழ மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். ஜினியா விதையோ இரண்டு மாதத்தில் பூத்துவிடும். ஆனால் ஜினியாவின் வாழ்நாள் ஒரு பருவத்தோடு முடிந்துவிடும். சம்பங்கியை ஒருமுறை நட்டால் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்குக் கிழங்கைத் தோண்ட வேண்டியதில்லை.

விளைச்சலைப் பார்த்தால் ஜினியாவை வெல்வது கடினம். நம் பாத்தியில் ஓரடி இடைவெளியில் நாற்பது செடிகள் நிற்கும். செடி ஒரு சாண் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வெடித்து, வெட்ட வெட்டப் புதிய தண்டுகள் வந்துகொண்டே இருக்கும். அதே பாத்தியில் 45 சென்டிமீட்டர் வரிசை இடைவெளியும் 20 சென்டிமீட்டர் செடி இடைவெளியும் விட்டு நடும் சம்பங்கிக் கிழங்குகளும் எண்ணிக்கையில் அவ்வளவேதான். ஆயினும் முதல் பூப்பில் ஒரு கிழங்குக்கு ஒரு தண்டுக்கு மேல் எதிர்பார்க்க இயலாது. ஜினியா வாங்கும்போது மட்டும் கவனம் தேவை: தொட்டிக்கென விற்கும் குட்டை ரகம் ஜாடிக்கு உதவாது, இரண்டரை அடிக்கு மேல் வளரும் நெட்டை ரகத்தைக் கேட்டு வாங்க வேண்டும்.

வெட்டும் பக்குவத்திலும் இரண்டும் நேரெதிர். சம்பங்கியில் அடியிலுள்ள ஓரிரு பூக்கள் விரிந்ததும் தண்டை வெட்டலாம். மேலுள்ள மொட்டுகள் ஜாடியில் ஒவ்வொன்றாக விரிந்து, பல நாட்களுக்கு இரவுதோறும் அறையை மணக்கச் செய்யும். ஜினியாவை மொட்டாக வெட்டினால் அது விரியாது. பூவுக்கு ஒரு சாண் கீழே தண்டைப் பிடித்து மெல்ல ஆட்டிப் பார்க்க வேண்டும். தலை துவண்டால் இன்னும் பக்குவமில்லை, விறைப்பாக நின்றால் வெட்டலாம். ஜினியா நிற்கும் நீர் விரைவில் கலங்குவதால், கீழ் இலைகளை உருவிவிட்டு நாள்தோறும் நீரை மாற்ற வேண்டும்.

நோய் என்று பார்த்தால், ஜினியாவுக்கு ஈரக் காலத்தில் சாம்பல் நோய் வரும். ஐப்பசி மழையில் இலையெல்லாம் வெளுத்த செடிகளை நான் வேரோடு பிடுங்கியிருக்கிறேன். அதன் பிறகு தையில் விதைத்துப் பங்குனியில் வெட்டுவதையே வழக்கமாக்கிக்கொண்டேன். சம்பங்கிக்கு எதிரி தேங்கும் நீரும் நூற்புழுவும். மேட்டுப்பாத்தியும், நடும்போது மண்ணில் கலக்கும் வேப்பம் பிண்ணாக்கும் பெருமளவு காக்கும்.

சம்பங்கியிலேயே ஒற்றை இதழா அடுக்கு இதழா என்ற கேள்வியும் உண்டு. பெங்களூரிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட ரகங்களில் பிரஜ்வல் ஒற்றை இதழ், சுவாசினி அடுக்கு இதழ். மாலைக்கு ஒற்றையும் ஜாடிக்கு அடுக்கும் என்பது பொதுவான பரிந்துரை. வீட்டுக்கு நான் ஒற்றையையே தேர்ந்தெடுப்பேன், ஏனெனில் மணம் அதில்தான் கூடுதல். மணத்துக்காக அல்லாமல் சம்பங்கிக்கு மூன்று மாதம் காத்திருப்பதில் பொருளில்லை.

சாமந்தியை விரும்புவோர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். நீண்ட இரவு கிடைத்தால்தான் அது மொட்டு வைக்கும், எனவே தெருவிளக்கின் வெளிச்சம் விழும் வாசலோரம் அதற்கு ஏற்ற இடமன்று.

முதன்முதலாகத் தொடங்குபவர் தையில் பாத்தி முழுவதும் ஜினியாவை விதைக்கட்டும். அது ஓய்ந்ததும், ஆனியில் பாதியை மேடாக்கிச் சம்பங்கிக்குக் கொடுத்துவிடலாம். அடுத்த தையில் ஜினியாவை எஞ்சிய பாதியில், அதன் நிழல் சம்பங்கியின் தாழ்ந்த இலைகள்மேல் விழாத பக்கமாகப் பார்த்து விதைக்க வேண்டும்.